பிக்கப் வண்டியில் சாமான்களுக்குக் காவல்: பெட்டி, கதவு, கேபின், பேட்டரி

சப்மர்சிபிள் மோட்டார் வேலை, வயரிங், பிளம்பிங் என்று ஓடும் பிக்கப்களில் சாமான் இருக்கும் இடத்தைப் பார்த்தால், பெரும்பாலும் கேபினுக்குப் பின்னால் ஒரு தகர டிரங்குப் பெட்டி, அதன் மேல் ஒரு நல்ல பூட்டு. பூட்டு நல்லதுதான். ஆனால் அதைத் தாங்கும் கொண்டி 1 மிமீ தகரத்தில் நாலு ரிவெட்டில் தொங்குகிறது. திருட வருபவன் பூட்டைத் தொடவே மாட்டான். கொண்டிக்கு அடியில் ஒரு பெரிய திருப்புளியைச் செருகி நெம்பினால் ரிவெட் நாலும் தகரத்தைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும், சத்தமும் அதிகம் வராது. அதனால் இந்த வேலையில் பணமும் நேரமும் முதலில் போக வேண்டியது பூட்டு உட்காரும் இரும்புக்கு. பூட்டு அதற்கு அடுத்தது.

கீழே இருப்பது சுமார் 9 அடி டெக் உள்ள பொலிரோ பிக்கப்புக்கு ஏற்ற வேலை. டோஸ்ட், குட்டி யானை போன்றவற்றில் எது மாறும் என்பதை அங்கங்கே சொல்லியிருக்கிறோம். சார்ஜ் கிரைண்டர் வைத்திருப்பவன் எதையும் அறுத்துவிடுவான், அதை மறைப்பதில் பயனில்லை. நாம் செய்யக்கூடியது, சத்தமில்லாமல், ஒரு கடப்பாரையோடு ஒரே நிமிடத்தில் முடிகிற வேலையாக அது இருக்காதபடி பார்த்துக்கொள்வது.

பெட்டி

அளவை முடிவு செய்யும்போது ஷீட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 2 மிமீ எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ஷீட் 8 அடிக்கு 4 அடி ஒன்று சுமார் 47 கிலோ வரும். பெட்டியின் உடல் 1180 மிமீ நீளம், 385 அகலம், 400 உயரம், மூடி 1200க்கு 400 என்று வைத்தால் ஒரே ஷீட்டில் எல்லாத் தகடும் அடங்கும். முன், பின் தகடு ஒரு வரிசை, மூடியும் அடித்தகடும் அடுத்த வரிசை, மிஞ்சும் 420 மிமீ பட்டையில் பக்கத் தகடு இரண்டு. அகலத்தையும் உயரத்தையும் 450 ஆக்கினால் பக்கத் தகட்டுக்காக மட்டும் இன்னொரு ஷீட் வாங்க வேண்டிவரும். இந்த அளவில் உள்ளே 180 லிட்டர் இடம் கிடைக்கும். கிரைண்டர், ஹேமர் டிரில், பைப் ரெஞ்சுகள், டை செட் எல்லாம் தாராளமாகக் கொள்ளும்.

ஷீட் போக வேண்டியவை: 25×25×3 ஆங்கிள் 6 மீட்டர் நீளத்தில் இரண்டு, 30×30×3 ஆங்கிள் ஒன்று, 40×6 ஃப்ளாட் 2 மீட்டர், 12 மிமீ கம்பி அரை மீட்டர், 4 அங்குல புல்லட் கீல் 3. எல்லாம் சேர்ந்து முடிந்த பெட்டி ஏறக்குறைய 50 கிலோ. அவ்வளவு எடையை ஏற்றும் பாரத்திலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். 18 கேஜ் தகடு போட்டு எடை குறைக்கலாம் என்று பட்டறையில் சொல்வார்கள். 18 கேஜ் என்பது 1.2 மிமீ. ஆங்கிள் சட்டத்துக்கும் தகட்டுக்கும் நடுவே கடப்பாரை முனை போனால் அது மடங்கி வழிவிடும். 2 மிமீக்குக் கீழே போக வேண்டாம்.

சட்டத்தை 25 ஆங்கிளில் கட்டும்போது மேல் விளிம்பு ஆங்கிளின் ஒரு கால் பெட்டிக்குள் பார்த்தபடி இருக்கட்டும். மூடி உட்காருவதற்குத் தட்டையான இடமும் கிடைக்கும், வாயை வளைத்துத் திறப்பதும் நடக்காது. வெல்டிங் 2.5 மிமீ 6013 ராடில் 70 ஆம்பியர் சுற்றி வைத்துப் பாருங்கள், 2 மிமீ தகட்டில் ஓட்டை விழுந்தால் இறக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஓட்டமாக ஓட்டக் கூடாது. 25 மிமீ தையல், 100 மிமீ இடைவெளி, எதிரெதிர் பக்கமாக மாறி மாறி. தொடர்ந்து ஓட்டினால் தகடு முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய மூடி ஒரு மூலையில் தூக்கி நிற்கும், நெம்புவதற்கு அந்த மூலை போதும். வெளித் தையல்களுக்கு இடையே மழைநீர் போகாமல் இருக்க, கடைசியில் சீலன்ட் இழுத்துவிடலாம்.

மூடியின் முன்பக்கத்துக்கும் இரு பக்கங்களுக்கும் 30 ஆங்கிளைக் கீழ்நோக்கிக் கால் இறங்கும்படி வையுங்கள். உடலைவிட மூடி 20 மிமீ நீளம் என்பதால் பக்கத்துக்கு 7 மிமீ இடைவெளி விட்டு அந்தக் கால் உடலை மூடிக்கொண்டு இறங்கும். மழைக்கும் அதுதான், கடப்பாரைக்கும் அதுதான் தடுப்பு: செருகும் முனை மேல்நோக்கித் திரும்ப வேண்டியிருப்பதால் நெம்பப் பிடிமானம் கிடைக்காது. மூடியின் நடுவில் குறுக்காக 25 ஆங்கிள் இரண்டு. இவை இல்லாவிட்டால் மேலே ஏறி நின்று சுமை கட்டும் ஆட்களாலேயே மூடி குழிந்துவிடும். ரப்பர் பீடிங்கில் ஒரு எச்சரிக்கை. தடிமனான பீடிங் வாங்கினால் மூடி கடைசிவரை இறங்காது, பூட்டு எப்போதும் இழுவையில் இருக்கும், மூடியும் தூக்கி நிற்கும். உள்ளே பொந்துள்ள, 10 மிமீ அளவு மெல்லிய பீடிங் போதும்.

கீல்

புல்லட் கீலைப் பக்கவாட்டில் நகர்த்தினால் ஆண் பாகம் பெண் பாகத்திலிருந்து கழன்று வந்துவிடும். கதவில் அது நிமிர்ந்து நிற்பதால் கதவின் எடையே பிடித்துக்கொள்ளும். பெட்டி மூடியில் கீல் படுத்திருக்கிறது. மூன்றையும் ஒரே திசையில் வைத்தால், முன்பக்கக் கொண்டியில் கொஞ்சம் தளர்ச்சி இருந்தாலே மூடியைப் பக்கமாகத் தட்டிக் கழற்றலாம். ஓரக் கீல் இரண்டையும் எதிரெதிராகப் பார்க்கும்படி வையுங்கள், நடுக்கீல் எப்படியும் இருக்கலாம். அப்படி வைத்தால் மூடியைக் கோர்த்த பிறகுதான் வெல்ட் செய்ய முடியும். ஆகவே முதலில் டாக் (சின்னப் புள்ளி வெல்டிங்) வைத்து, மூடி முழுதும் திறந்து மூடுகிறதா என்று பார்த்து, பிறகு முழு வெல்டிங். வெல்டிங் சூட்டில் கீலுக்குள் கிரீஸ் எரிந்துபோகும், ஆறியதும் மறுபடி எண்ணெய் விட வேண்டும்.

கீல் பக்கம் கேபினைப் பார்த்து இருக்கட்டும். அங்கே கை நுழைய இடம் இருக்காது, கிரைண்டரும் போகாது. ஆனால் கேபினுக்குப் பின்னால் நிற்கும் டெக்கின் முன்சுவரோடு (தலைப்பலகை) ஒட்டி வைத்தால் மூடி 90 டிகிரியைத் தாண்டாது, சாமான் எடுக்கும்போது தலையில் விழும். 40 மிமீ தள்ளி வைத்து, ஒரு தாங்குகம்பியும் கொடுங்கள். மூடி 12 கிலோ இருக்கும், விரலில் விழுந்தால் சின்ன அடியாக இருக்காது.

இன்னொன்று அவசியம் செய்யுங்கள். கீல் பக்கம் மூடியின் உட்புறத்தில் 12 மிமீ கம்பித் துண்டு மூன்றை வளைத்துக் கொக்கியாக வெல்ட் செய்தால், மூடி இறங்கும்போது அவை மேல் விளிம்பு ஆங்கிளுக்கு அடியில் போய் மாட்டிக்கொள்ளும். வெளியே கீல் மூன்றையும் அறுத்தாலும் மூடி அந்தப் பக்கம் தூக்காது. செலவு கால் மீட்டர் கம்பி.

கொண்டியும் பூட்டும்

4 அடி நீள மூடிக்கு நடுவில் ஒரே பூட்டு போடக் கூடாது. மூலையிலிருந்து சுருட்டித் தூக்கலாம். இரு முனையிலிருந்தும் 200 மிமீ உள்ளே தள்ளி இரண்டு பூட்டு. கொண்டி 40×6 ஃப்ளாட்டில், மூடியின் ஆங்கிள் சட்டத்தோடு வெல்ட் ஆக வேண்டும், தகட்டோடு அல்ல. பூட்டு வளையம் 10 மிமீ என்றால் ஓட்டை 12 மிமீக்கு மேல் வேண்டாம். அகலமான ஓட்டையில் கம்பியைச் செருகித் திருகலாம், இறுக்கமான ஓட்டையில் இடமில்லை.

ஏற்கெனவே இருக்கும் பெட்டியில் வெல்டிங் செய்ய வழியில்லை என்றால் போல்ட் போடலாம். வெளியே உருண்டைத் தலையும் கழுத்தில் சதுரமும் உள்ள எம்8 கேரேஜ் போல்ட், உள்ளே 100×75×5 தகடு, நைலாக் நட் (தளராமல் இருக்க நைலான் வளையம் உள்ள நட்). அந்தத் தகடு இல்லாமல் வெறும் வாஷர் போட்டால் ரிவெட் கிழித்த மாதிரியே இதுவும் கிழிக்கும். கழுத்துச் சதுரத்துக்கு ஏற்ப ஓட்டையை அரத்தால் சதுரமாக்க வேண்டும், இல்லாவிட்டால் இறுக்கும்போதே போல்ட் சுற்றும். ஸ்க்ரூ, பாப் ரிவெட் இரண்டையும் இந்த இடத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம்.

பூட்டு வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, வளையத்தின் ஓரத்தில் ஒரு சின்ன அரத்தை ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் பிடித்துத் துகள் விழுந்தால் அது மெத்தென்ற இரும்பு, ஆக்சா பிளேடுக்குத் தாங்காது. அரம் வழுக்கினால் கடினப்படுத்திய வளையம். ஷட்டருக்குப் போடும் 70 மிமீ வட்டப் பூட்டு பெட்டிக்கு நன்றாகப் பொருந்தும், வளையம் வெளியே தெரிவது குறைவு என்பதால் போல்ட் கட்டரின் வாய் அதைக் கவ்வாது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டுகள் லீவர் வேலைப்பாட்டில் பெயர் பெற்றவை, கள்ளச்சாவி போட்டுத் திறப்பது கடினம். ஆனால் மாங்காய்ப் பூட்டின் வளையம் முழுதும் வெளியே நிற்கும். அதைப் போடுபவர்கள் கீழே சொல்லும் கூட்டைக் கட்டாயம் கட்டிக்கொள்ளுங்கள்.

கூடு என்பது பூட்டைச் சுற்றி 3 மிமீ தகட்டில் அல்லது கனமான பைப் துண்டில் ஒரு உறை. முன்பக்கமும் பக்கங்களும் மேலும் மூடியிருக்கும், அடியில் மட்டும் கை போக வழி. வெல்ட் செய்யும் முன் பூட்டை மாட்டி, சாவியை விட்டு, திருப்பிப் பாருங்கள். கையுறை போட்ட கையாலும் திருப்ப முடிய வேண்டும். மிகவும் இறுக்கமாகக் கட்டிய கூட்டில் பூட்டு மாட்டவே சிரமம் என்றால், வேலையாட்கள் ஒரு வாரத்தில் பூட்டுவதையே விட்டுவிடுவார்கள். இதே காரணத்துக்காகத்தான் இரண்டு பூட்டும் ஒரே சாவியில் திறக்கும் ஜோடியாகக் கேட்டு வாங்கச் சொல்கிறோம். இரண்டு சாவி என்றால் நடைமுறையில் ஒரு பூட்டுதான் பூட்டப்படும்.

பூட்டுக்குள் எண்ணெய் விட்டால் செம்மண் தூசி ஒட்டிக் களியாகிவிடும். கிராஃபைட் தூள் போதும். கடற்கரை ஊர்களில் பித்தளை உடல் உள்ள பூட்டு வாங்குங்கள்.

கேம் லாக் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. ரெடிமேட் பெட்டிகளில் மூடியோடு வருமே, வட்டமான சாவித்துளை, அதுதான். உள்ளே இருப்பது வார்ப்பில் செய்த மெத்தென்ற உலோகம். சாவித்துளையில் திருப்புளியைத் தட்டி இறக்கித் திருகினால் உடைந்து திரும்பிவிடும். மூடி ஆடாமல் இருக்க அது உதவும், காவலுக்கு உதவாது.

வண்டியில் பொருத்துதல்

பெட்டியை எவ்வளவு கெட்டியாகச் செய்தாலும், பெட்டியோடு தூக்கிப் போனால் என்ன செய்வது? டெக்கில் நாலு இடத்தில் எம்12, 8.8 கிரேடு போல்ட் போட வேண்டும். வழக்கமாகப் பெட்டிக்குள் போல்ட் தலை, வண்டிக்கு அடியில் நட் என்று போடுவார்கள். அப்படியானால் 19 ஸ்பேனர் ஒன்று போதும், வண்டிக்கு அடியில் படுத்து நாலையும் கழற்றிவிடலாம். தலைகீழாகப் போடுங்கள்: அடியில் 75×75×6 தகட்டோடு போல்ட் தலை, மரை மேலே ஏறி டெக்கையும் பெட்டியின் அடித்தகட்டையும் தாண்டிப் பெட்டிக்குள் வரட்டும், நைலாக் நட் உள்ளே. பெட்டி பூட்டியிருக்கும்வரை நட்டைத் தொட முடியாது.

போல்ட் தலையைத் தகட்டோடு இரண்டு மூலையில் சின்ன டாக் வைத்தால் போதும். சுற்றி முழுதும் வெல்ட் செய்தால் சூட்டில் போல்ட்டின் பலம் போய்விடும். துத்தநாகம் பூசிய போல்ட் என்றால் தலையில் பூச்சை முதலில் தேய்த்து எடுத்துவிடுங்கள், துத்தநாகப் புகையை மூச்சில் இழுத்தால் காய்ச்சல் வரும். நைலாக் நட்டின் நைலான் சூடு தாங்காது, அதனால் எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகே நட்.

துளை போடுமுன் அடியில் படுத்து ஒருமுறை பாருங்கள். வயரிங் கட்டு, பிரேக் பைப், டீசல் டேங்க், சைலென்சர் எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. டெக்கின் குறுக்குச் சட்டத்தை ஒட்டித் துளை போடலாம். சேஸிஸின் நீளச் சட்டத்தில், குறிப்பாக அதன் மேல், கீழ் விளிம்புகளில், துளையும் கூடாது, வெல்டிங்கும் கூடாது. விரிசல் அங்கிருந்துதான் தொடங்கும். சேஸிஸோடு பிடிக்க வேண்டுமானால் யூ கிளாம்ப் போடுங்கள். 4 மிமீ, 8, பிறகு 13 என்று படிப்படியாகத் துளைத்து, விளிம்பில் ரெட் ஆக்சைடு தடவிவிடுங்கள். பெட்டிக்கு அடியில் பழைய கன்வேயர் பெல்ட் துண்டுகள் வைத்து, ரப்பர் லேசாகப் பிதுங்கும்வரை மட்டும் இறுக்குங்கள். மேடு பள்ளத்தில் டெக் முறுக்கும், ரப்பர் இல்லாவிட்டால் அந்த முறுக்கு முழுதும் பெட்டியின் மூலை வெல்டிங்குக்குப் போகும். பெட்டியை டெக்கோடு மட்டும் பிடியுங்கள். கேபினும் டெக்கும் தனித்தனியாக அசைபவை, இரண்டையும் சேர்த்துக் கட்டினால் ஏதாவது ஒன்று கிழியும்.

வண்டி மேல் எந்த வெல்டிங் என்றாலும் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், எர்த் கிளாம்ப்பை வெல்ட் செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 வண்டிகளில் சென்சாரும் ஈசியுவும் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) அதிகம், இதைத் தவிர்த்துவிட்டு வரும் செலவு பெட்டி செலவைவிடப் பெரியது. சிஎன்ஜி வண்டி என்றால் சிலிண்டர் பக்கத்தில் வெல்டிங்கே வேண்டாம், வெளியே செய்துகொண்டு வந்து போல்ட் போடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவையும் நினைவில் வையுங்கள். ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. டெக்குக்குள் போல்ட்டில் உட்காரும் பெட்டி வேறு, திறந்த டெக்கை மூடிய பாடியாக்குவது வேறு. இரண்டாவதற்கு ஆர்டிஓ ஒப்புதல் வாங்காமல் இறங்காதீர்கள்.

டெக் கதவுகளும் நீளச் சாமான்களும்

பக்கக் கதவின் கொக்கிகள் பாரம் விழாமல் இருக்கச் செய்தவை, யார் வேண்டுமானாலும் திறக்கலாம். பின்கதவின் கொக்கி நெம்புகோல் மேல் ஒரு வளையமும் பக்கத் தூணில் ஒரு வளையமும் வெல்ட் செய்து பூட்டினால் கொஞ்சம் தடையாகும். மேலே திறந்த வண்டியில் இதற்கு மேல் செலவு செய்வது வீண்.

கேபிள் சுருள், ஜிஐ பைப், மோட்டார் இவை பெட்டியில் அடங்காதவை. இவற்றுக்குச் சங்கிலிதான். கடினப்படுத்திய 8 மிமீ சங்கிலி, டெக்குக்கு அடியில் தகடு கொடுத்து போல்ட் செய்த கனமான வளையம். சங்கிலியும் பூட்டும் டெக்கின் தரையில் கிடக்கக் கூடாது. தரையில் கிடந்தால் போல்ட் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறு கைப்பிடியில் உடம்பின் முழு எடையையும் போட்டு நறுக்கலாம். அந்தரத்தில், இழுத்துக் கட்டியபடி இருந்தால் கைபலம் மட்டும்தான். செம்புக் கம்பியுள்ள கேபிளைச் சங்கிலி போட்டாலும் வெட்டி எடுப்பார்கள் என்பதால், அது ராத்திரி வண்டியில் தங்கக் கூடாது.

கேபின்

ஆர்சி, பெர்மிட், இன்சூரன்ஸ் அசல்கள் டேஷ்போர்டு பெட்டியில் இருக்கத் தேவையே இல்லை. டிஜிலாக்கரிலும் எம்பரிவாகனிலும் உள்ளவை சோதனையில் செல்லும். சீட்டுக்குப் பின்னால் சார்ஜ் டிரில், மல்டிமீட்டர், வசூல் பணம் வைப்பதற்கு 3 மிமீ தகட்டில் சின்னப் பெட்டி ஒன்றைத் தரையோடு போல்ட் செய்யலாம். அதற்காக சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றி அதிலேயே மாட்டுவதைச் சில இடங்களில் பார்க்கிறோம். உயிர் காக்கும் போல்ட் அது, தொடவே கூடாது. குட்டி யானை போல எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டிகளில் சார்ஜ் டிரில்லின் லித்தியம் பேட்டரியை அங்கே வைக்காதீர்கள், சூடு அதன் ஆயுளைத் தின்றுவிடும்.

பேட்டரி, ஸ்டெப்னி, டீசல் மூடி

பேட்டரி சேஸிஸ் ஓரத்தில் வெளியே தெரியும் வண்டிகளில் 25×5 ஃப்ளாட்டை வளைத்து மேலே பட்டையாகப் போட்டு, ஒரு முனை கீல், மறுமுனை பூட்டு. பட்டையின் உட்புறம் முழுதும் ரப்பர் ஒட்ட வேண்டும். அது பாசிட்டிவ் முனையில் பட்டால் தீப்பிடிக்கும். முழுதும் மூடிய பெட்டிக்குள் பேட்டரியை அடைக்காதீர்கள், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காற்று போக வழி வேண்டும். கிரைண்டர் வேலை செய்யும்போது பேட்டரி வண்டியிலேயே இருக்கக் கூடாது.

ஸ்டெப்னிக்கு ரிம்மின் ஓட்டை வழியாகச் சங்கிலி விட்டு டெக்கின் குறுக்குச் சட்டத்தோடு பூட்டுங்கள். நடுவழியில் பஞ்சர் ஆகும்போது அந்தச் சாவியும் கையில் இருக்க வேண்டும், ஓட்டுநர் கொத்திலேயே அது இருக்கட்டும். டீசல் டேங்குக்குச் சாவி மூடி மாற்றும்போது உங்கள் வண்டிக்கு உரிய, காற்றுத் துளை உள்ள மூடிதானா என்று பாருங்கள். காற்று நுழையாத மூடி போட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி எஞ்சின் இழுக்காமல் திணறும், மெக்கானிக் ஃபில்டரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

சத்தம்

மூடி திறந்தால் சைரன் அடிக்க வேண்டியவை: மூடிக்குக் கீழே ஒரு லிமிட் சுவிட்ச் (மூடி அழுத்தும் சுவிட்ச்), 12 வோல்ட் ரிலே, 20 வாட் சைரன். பேட்டரியிலிருந்து 5 ஆம்பியர் ஃப்யூஸ், அதை அடுத்து மறைவான ஒரு ஆன் ஆஃப் சுவிட்ச். இனி வரும் எண்கள் ரிலேயின் முனைகளில் பொறித்திருப்பவை. சுவிட்சிலிருந்து ஒரு வயர் ரிலேயின் 30க்கு, இன்னொன்று மூடிச் சுவிட்ச் வழியாக 86க்கு. 85 எர்த், 87 சைரனுக்கு. 87இலிருந்து 86க்கு ஒரு 1என்4007 டயோடு போடுங்கள், கோடு போட்ட முனை 86 பக்கம். மூடி ஒருமுறை திறந்தால் ரிலே தன்னைத்தானே பிடித்துக்கொள்ளும், மூடியைச் சாத்தினாலும் சைரன் நிற்காது. மூடி சாத்தியிருக்கும்போது திறந்திருக்கும் முனைகளில் சுவிட்ச் இணைப்பைக் கொடுத்தால், காத்திருக்கும் நேரத்தில் பேட்டரியிலிருந்து ஒன்றும் இழுக்காது. பீடிங் அமுங்கிப் போனால் மூடி ஓட்டத்தில் அதிர்ந்து வீண் சைரன் அடிக்கும். சுவிட்சின் குமிழை 5 மிமீயாவது அமுங்கும்படி வைத்தால் அது நிற்கும்.

பெயின்ட்டும் பதிவும்

தையல்களைத் தேய்த்து, ரெட் ஆக்சைடு இரண்டு கை, மேலே எனாமல். அடித்தகட்டின் நாலு மூலையிலும் 8 மிமீ வடிகால் துளை. டெக் நிறத்திலேயே அடித்தால் பெட்டி கண்ணில் படுவது குறையும், கம்பெனி பெயரும் மோட்டார் படமும் பெட்டி மேல் வேண்டாம். கருவிகளின் உடலில் எண் பஞ்சால் உங்கள் அடையாள எண்ணைக் குத்தி, சீரியல் எண் தெரியும்படி படம் எடுத்து, பில்லோடு வையுங்கள். புகார் கொடுக்கும்போது போலீஸ் கேட்கும் முதல் விவரம் அது. இன்சூரன்ஸை நம்பி இருப்பவர்கள் பாலிசியை எடுத்துப் படியுங்கள்: சரக்கு வண்டிகளின் வழக்கமான பாலிசியில், வண்டியே திருடு போகாமல் உதிரிச் சாதனங்கள் மட்டும் போனால் இழப்பீடு கிடையாது. ஏற்றியிருக்கும் கருவிகளுக்குத் தனிப் பாலிசி எடுக்க வேண்டும்.

பொருத்தி முதல் மாதம் ஓடியதும் பெட்டிக்குள் இருக்கும் நாலு நட்டையும் இறுக்கிப் பாருங்கள், ரப்பர் அமர்ந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். அப்போதே கொண்டி வெல்டிங்கின் ஓரத்தில் பெயின்ட் முடிபோல் வெடித்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். வெடித்திருந்தால் அடியில் வெல்டிங்கே விரிசல் விட்டிருக்கலாம். அந்த இடத்தைத் தேய்த்துத் திறந்து, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, மறுபடி ஓட்டுங்கள்.